ஃபார்ம்டி விண்ணப்பத்தில் ஜிபிஏ கணக்கு உதைத்தால் எங்கே பார்ப்பது

என் மகள் அமெரிக்காவில் மருந்தாளர் ஆவதற்கான ஃபார்ம்டி பட்டம் படிக்க விண்ணப்பித்தபோது அவளுக்கு ஜிபிஏ, அதாவது கிரேடுகளின் சராசரிப் புள்ளி, கணக்குப் போட்டுக் கொடுத்தவன் நான். இரண்டு கல்லூரிகளில் படித்திருந்தாள். இரண்டு ஜிபிஏவையும் கூட்டி இரண்டால் வகுத்து, "ஜோராக இருக்கிறது" என்றும் சொல்லிவிட்டேன். விண்ணப்பங்களை வாங்கும் ஃபார்ம்காஸ் காட்டிய எண்ணைப் பார்த்ததும் வீட்டில் இரண்டு நாள் யாரும் சரியாகப் பேசவில்லை. தப்பு என்னுடையதுதான். அன்றிலிருந்து எங்கள் ஊர் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு வெளியே காரில் காத்திருக்கும் நேரமெல்லாம் யாராவது ஒரு பிள்ளை மடிக்கணினியோடு வந்து, "அங்கிள், இது ஏன் டேலி ஆகலை?" என்று கேட்பது வாடிக்கையாகிவிட்டது. வருகிற கோளாறுகள் ஏழெட்டுதான். அவற்றை அறிகுறி வாரியாக இங்கே எழுதுகிறேன். உங்களுக்கு எது பொருந்துகிறதோ அதற்கு நேராகப் போங்கள்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. அமெரிக்க மருந்தியல் கல்லூரிகளின் சங்கம் நடத்தும் பொது விண்ணப்பச் சேவைதான் ஃபார்ம்காஸ். பெரும்பாலான ஃபார்ம்டி படிப்புகளுக்கு அதன் வழியாகத்தான் போக வேண்டும். நீங்கள் தட்டச்சு செய்த பாடங்களை, கல்லூரி தரும் கிரேடுப் பட்டியலான டிரான்ஸ்கிரிப்டோடு ஒப்பிட்டு, தனக்கென ஒரு ஜிபிஏவை அது கணக்கிடும். பிகேட் என்ற நுழைவுத்தேர்வு 2024 ஜனவரியோடு நின்றுவிட்டது. அதனால் இந்த எண்ணின் கனம் கூடியிருக்கிறது.

தொடங்கும் முன்

கல்லூரி போர்ட்டலின் திரையை நம்பாதீர்கள். படித்த ஒவ்வொரு கல்லூரியிலிருந்தும் டிரான்ஸ்கிரிப்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் எக்செல்லிலோ கூகுள் ஷீட்ஸிலோ நான்கு பத்திகள் போடுங்கள்: பாடம், கிரெடிட் (பாடத்தின் எடை), கிரேடின் மதிப்பு, இரண்டின் பெருக்கல். நான்காம் பத்தியின் மொத்தத்தை இரண்டாம் பத்தியின் மொத்தத்தால் வகுத்தால் ஜிபிஏ.

ஃபார்ம்காஸ் எடுத்துக்கொள்ளும் மதிப்புகள்: ஏ பிளஸுக்கும் ஏ-க்கும் 4.0, ஏ மைனஸ் 3.7, பி பிளஸ் 3.3, பி 3.0, பி மைனஸ் 2.7, சி பிளஸ் 2.3, சி 2.0, சி மைனஸ் 1.7, டி 1.0, எஃப் 0. இதை ஒரு தாளில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். உங்கள் கல்லூரியின் மதிப்புப் பட்டியலை இந்த வேலை முடியும்வரை மறந்துவிட வேண்டும்.

அறிகுறி 1: கல்லூரி போர்ட்டலில் அதிகம், ஃபார்ம்காஸில் குறைவு

வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் இதுதான் தொல்லை. செலவில்லாத சோதனையில் தொடங்கி வரிசையாகப் பாருங்கள்.

*வித்தியாசம் 0.1-க்குள் இருந்தால்* முதலில் ஏ பிளஸைப் பாருங்கள். சில கல்லூரிகள் ஏ பிளஸுக்கு 4.3 தருகின்றன. ஃபார்ம்காஸில் 4.0-க்கு மேல் எதுவும் இல்லை. 120 கிரெடிட்டில் 30 கிரெடிட் ஏ பிளஸ் வாங்கியவருக்குப் போர்ட்டல் 3.70 காட்டினால், 9 புள்ளி போய் 435-ஐ 120-ஆல் வகுக்க 3.625தான் நிற்கும். இதற்கு மருந்து கிடையாது, நேரத்தை வீணாக்காதீர்கள். ஏ மைனஸுக்கு 3.67 தரும் கல்லூரியில் படித்தவர்களுக்கு இதே காரணத்தால் ஓரிரு நூற்றில் பங்கு கூடவும் செய்யும்.

*அதுவும் இல்லையென்றால்* தட்டச்சைப் பாருங்கள். வேதியியல் வகுப்பு 3 கிரெடிட், அதன் லேப் 1 கிரெடிட் என்று டிரான்ஸ்கிரிப்டில் தனித்தனி வரியாக இருக்கும். இரண்டுக்கும் 3 என்று அடித்துவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். லேபில் பி மைனஸ் வாங்கியிருந்தால் அது மூன்று மடங்காக இழுக்கும். ஒருவர் வாசிக்க இன்னொருவர் திரையில் சரிபார்த்தால் அரை மணி நேரத்தில் பிடித்துவிடலாம். தனியாக உட்கார்ந்து பார்த்தால் கண் பழகிப்போய்க் கடைசிவரை பிடிபடாது.

*வித்தியாசம் 0.1-ஐத் தாண்டினால்* திரும்பப் படித்த பாடம் இருக்கிறதா என்று பாருங்கள். அநேகமாக இருக்கும். பல கல்லூரிகள் பழைய கிரேடை மன்னித்துவிட்டுப் புதியதை மட்டும் ஜிபிஏவில் சேர்க்கின்றன. ஃபார்ம்காஸ் மன்னிப்பதில்லை, எத்தனை முறை எழுதினாலும் எல்லாம் கணக்கில் வரும். போன வருடம் வந்த ஒரு பெண்ணின் கணக்கு இது: போர்ட்டலில் 60 கிரெடிட், 198 புள்ளி, ஜிபிஏ 3.30. ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் முதல் தடவை டி, இரண்டாம் தடவை பி. அந்தப் பழைய டி 4 கிரெடிட், 4 புள்ளி. அதைச் சேர்த்தால் 202-ஐ 64-ஆல் வகுக்க வேண்டும். 3.16. அவளுக்கு நான் சொல்லும் முன்பே புரிந்துவிட்டது, முகம்தான் ஒரு மாதிரி ஆகிவிட்டது. இரண்டு தடவையையும் பதிவு செய்து, இரண்டுக்கும் "திரும்பப் படித்தது" என்ற குறியைப் போடுவதுதான் முறை. பழையதை விட்டுவிட்டால் சரிபார்ப்பில் மாட்டும், அது அறிகுறி 4-இல் கொண்டுபோய் விடும்.

*டிரான்ஸ்கிரிப்டில் டபிள்யூ (பாதியில் விலகியது) இருந்தால்* பக்கத்தில் எஃப் ஒட்டியிருக்கிறதா என்று உற்றுப் பாருங்கள். வெறும் டபிள்யூ கணக்கில் வராது. டபிள்யூ எஃப் என்றால் ஃபார்ம்காஸுக்கு அது எஃப். மேலே சொன்ன 198 புள்ளியோடு 3 கிரெடிட் டபிள்யூ எஃப் சேர்ந்தால் 198-ஐ 63-ஆல் வகுத்து 3.14. வகுப்பை விடுவதற்கான கடைசித் தேதி தாண்டி விட்டவர்களுக்கு இப்படி விழுவது உண்டு. மருத்துவக் காரணம் போல ஏதாவது ஆவணம் கையில் இருந்தால், கல்லூரிப் பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். மாற்ற முடிந்தவர்கள் அவர்கள் மட்டும்தான். ஃபார்ம்காஸுக்குத் தொலைபேசி செய்து மன்றாடிப் பயனில்லை.

*இதெல்லாம் சரி, இன்னும் உதைக்கிறது என்றால்* மறந்துபோன கல்லூரி ஒன்று இருக்கும். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போதே பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் எடுத்த இரட்டைச் சேர்க்கைப் பாடங்கள் கல்லூரிப் பாடங்கள்தான். பதினாறு வயதில் விளையாட்டாக எடுத்த சி பிளஸ் இருபதில் வந்து நிற்கும். அதே பாடம் இப்போதைய பல்கலைக்கழகத்தின் டிரான்ஸ்கிரிப்டில் வேறு கல்லூரியிலிருந்து மாற்றிய கிரெடிட் என்று கிரேடு இல்லாமல் இருக்கும். படித்த கல்லூரியின் கீழ்தான் அதைப் பதிய வேண்டும், இரண்டு இடத்திலும் பதியக் கூடாது.

அறிகுறி 2: கையால் போட்ட கணக்கும் திரையும் ஒத்தே போகவில்லை

ஒரு கல்லூரி செமஸ்டர் முறை (வருடத்துக்கு இரண்டு பருவம்), இன்னொன்று குவார்ட்டர் முறையா (அதைவிடக் குறுகிய பருவங்கள்)? அப்படியானால் வேறு எங்கும் தேட வேண்டாம். கலிபோர்னியா, வாஷிங்டன் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது வரும்.

ஒரு குவார்ட்டர் கிரெடிட் என்பது மூன்றில் இரண்டு பங்கு செமஸ்டர் கிரெடிட். 5 குவார்ட்டர் கிரெடிட் பாடம் ஃபார்ம்காஸில் 3.33 ஆகும். என் மகளுக்கு நான் செய்த தப்பை அப்படியே எண்களில் காட்டுகிறேன். எண்கள் அவளுடையவை அல்ல, தப்பு மட்டும் அசல். கம்யூனிட்டி காலேஜில் 30 செமஸ்டர் கிரெடிட், ஜிபிஏ 3.8. பல்கலைக்கழகத்தில் 90 குவார்ட்டர் கிரெடிட், ஜிபிஏ 3.1.

இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 3.45. இது நான் போட்ட கணக்கு.
கிரெடிட்டை மாற்றாமல் 120 கிரெடிட் என்று எடுத்தால் 393-ஐ 120-ஆல் வகுத்து 3.28. பயந்துபோனவர்கள் போடும் கணக்கு.
90 குவார்ட்டரை 60 செமஸ்டராக மாற்றினால் 114-உம் 186-உம் சேர்ந்து 300. அதை 90-ஆல் வகுத்தால் 3.33. இதுதான் சரி.

சோதிக்க வேண்டியது ஒன்றுதான்: ஃபார்ம்காஸில் அந்தக் கல்லூரியைச் சேர்த்தபோது செமஸ்டரா, குவார்ட்டரா என்ற கட்டத்தில் எதைத் தேர்ந்தெடுத்தீர்கள்? டிரான்ஸ்கிரிப்டின் பின்பக்கத்தில் கல்லூரியின் முறை எழுதியிருக்கும். கிரெடிட்டை நீங்களே மாற்றி அடிக்காதீர்கள். டிரான்ஸ்கிரிப்டில் 5 என்றால் 5 என்றே அடியுங்கள். மாற்றுவது அதன் வேலை. நீங்களும் மாற்றி அதுவும் மாற்றினால் 3.33 கிரெடிட் சுருங்கி 2.22 ஆகிவிடும்.

அறிகுறி 3: மொத்த ஜிபிஏ சரி, அறிவியல் ஜிபிஏ மட்டும் இடிக்கிறது

ஃபார்ம்காஸ் மொத்தத்தைத் தவிர அறிவியல், கணிதம் என்று தனித்தனி ஜிபிஏவும் தரும். ஒவ்வொரு பாடத்துக்கும் நீங்கள் தேர்ந்தெடுத்த பிரிவுதான் இதைத் தீர்மானிக்கிறது. சைக்காலஜியில் ஏ வாங்கி அதை அறிவியல் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள், அது சமூக அறிவியல் பக்கம் போய்விடும். புள்ளியியலும் கால்குலஸும் கணிதத்தில் சேரும். பிரிவைத் துறையின் பெயரை வைத்து முடிவு செய்யாமல் பாடத்தில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். தலைப்பைப் பார்த்துப் புரியவில்லையென்றால் பாடத்திட்டத் தாளை எடுத்துப் பாருங்கள். அப்போதும் சந்தேகம் தீரவில்லையென்றால் ஃபார்ம்காஸ் உதவி மையத்துக்கு எழுதுங்கள், இதற்குப் பதில் சொல்வார்கள்.

2020 வசந்தப் பருவத்தில் கொரோனாவால் பல கல்லூரிகள் கிரேடுக்குப் பதில் பாஸ் என்று மட்டும் போட்டன. பாஸ் எந்த ஜிபிஏவிலும் சேராது. உயர்நிலைப் பள்ளியில் எழுதும் ஏபி தேர்வில் வந்த கிரெடிட்டும் அப்படித்தான். அந்த மதிப்பெண்ணை ஏ என்று எண்ணிக் கூட்டியிருந்தால் உங்கள் தாளில் இருக்கும் எண்தான் தப்பு.

அறிகுறி 4: விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது

சரிபார்ப்பவர்கள் கண்ட பிழைகள் அதிகமானால் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புவார்கள். திருத்தி மறுபடி சமர்ப்பித்தால் வரிசையில் மறுபடி நிற்க வேண்டும். வாரக் கணக்கில் போகும். கெடு தேதி நெருங்கிவிட்டால் இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து.

பார்க்க வேண்டிய வரிசை: விடுபட்ட பாடம் (விலகிய பாடத்தையும் பதிய வேண்டும்), விடுபட்ட கல்லூரி, தவறான பருவத்தில் பதிந்த பாடம், நினைவிலிருந்து அடித்த கிரேடு. கடைசியாகச் சொன்னதைச் செய்பவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. டிரான்ஸ்கிரிப்டைத் திறக்காமல் 40 பாடங்களை மனப்பாடமாக அடிக்கிற தைரியம் எங்கிருந்துதான் வருகிறதோ!

மூன்று, நான்கு கல்லூரிகளில் படித்திருந்தால், ஃபார்ம்காஸிலேயே கட்டணம் வாங்கிக்கொண்டு பாடங்களைத் தட்டச்சு செய்து தரும் சேவை இருக்கிறது. ஒரே கல்லூரியில் படித்தவர்களுக்கு அந்தச் செலவு வீண். ஒரு தடவை திரும்பி வந்தவர்களும் நேரமே இல்லாதவர்களும் எடுத்துக்கொள்ளலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

அறிகுறி 5: ஃபார்ம்காஸ் ஒன்று சொல்கிறது, கல்லூரி வேறொன்று சொல்கிறது

இது கோளாறு அல்ல. ஃபார்ம்டி நடத்தும் கல்லூரி சேரும் முன் முடித்திருக்க வேண்டும் என்று கேட்கும் முன்தகுதிப் பாடங்களை மட்டும் எடுத்துத் தனியாக ஒரு ஜிபிஏ போடலாம். சில இடங்களில் திரும்பப் படித்ததில் நல்ல கிரேடை மட்டும் எடுத்துக்கொள்வார்கள், சில இடங்களில் கடைசி 60 கிரெடிட்டைப் பார்ப்பார்கள். முன்னே சொன்ன ஆர்கானிக் கெமிஸ்ட்ரிப் பெண்ணை இந்த வழிதான் காப்பாற்றியது.

ஒரு பொறி மட்டும் உண்டு. சி மைனஸ் ஜிபிஏவில் 1.7 ஆகச் சேர்ந்துவிடும். ஆனால் முன்தகுதிப் பாடத்தில் சி அல்லது அதற்கு மேல் வேண்டும் என்று கேட்கும் கல்லூரியில் அந்தப் பாடம் எடுக்காதது போலத்தான். பத்து வருடம் பழைய உயிரியலை ஏற்பார்களா என்பதும் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். இந்த இடத்தில் என்னைப் போன்றவர்களிடம் கேட்காதீர்கள். சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் வாங்குங்கள்.

அறிகுறி 6: கணக்கெல்லாம் சரி, எண்தான் போதவில்லை

மிகவும் செலவு பிடிக்கும் இடம் இது. அதனால் பணம் கட்டும் முன் தாளில் கணக்குப் போடுங்கள். 90 கிரெடிட், ஜிபிஏ 2.70 என்றால் கையில் 243 புள்ளி. 3.00-ஐத் தொட இன்னும் 27 கிரெடிட் வேண்டும், அத்தனையும் சுத்த ஏ. சராசரி 3.5 தான் வரும் என்றால் 54 கிரெடிட் வேண்டும். அதாவது இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. "ஒரே ஒரு சம்மர் கிளாஸ் எடுத்தா ஏறிடும் அங்கிள்" என்று வருகிறவர்களுக்கு இதைப் போட்டுக் காட்டினால் அமைதியாகிவிடுவார்கள். 90 கிரெடிட்டோடு 4 கிரெடிட் ஏ சேர்த்தால் 2.70, 2.76 ஆகும். அவ்வளவுதான்.

அதற்காகப் படிக்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் செய்ய வேண்டியது இலவசம்: நீங்கள் குறிவைக்கும் கல்லூரி எந்த ஜிபிஏவைப் பார்க்கிறது என்று கேளுங்கள். முன்தகுதி ஜிபிஏ என்றால், சி வாங்கிய இரண்டு பாடத்தைத் திரும்பப் படிப்பதே அதை நன்றாகத் தூக்கும். நடந்துகொண்டிருக்கும் இலையுதிர்ப் பருவத்தின் கிரேடுகளைக் குளிர்காலத்தில் ஃபார்ம்காஸ் திறக்கும் புதுப்பிப்புக் காலத்தில் சேர்க்க முடியும், அதையும் தவறவிடாதீர்கள். இதற்கு மேல் ஒரு பருவக் கட்டணம் கட்டுவதா, ஒரு வருடம் காத்திருப்பதா என்ற கேள்வி வந்தால், உங்கள் கல்லூரியின் மருத்துவத்துறை வழிகாட்டி ஆலோசகரிடம் உட்கார்ந்து பேச வேண்டும். நாலு பத்தி எக்செல் அதற்குப் பதில் சொல்லாது.

அறிகுறி 7: இந்தியாவில் பி.ஃபார்ம் படித்தவர், சிஜிபிஏவை 4-க்கு மாற்றினால் பயமாக இருக்கிறது

இந்த அழைப்புகள் பெரும்பாலும் இரவில்தான் வரும். நம் ஊர் பி.ஃபார்ம் நான்கு வருடம். 2003 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு பட்டம் பெற்றவர்களுக்கு வெளிநாட்டில் படித்த மருந்தாளர்களுக்கான அமெரிக்கச் சான்றிதழுக்கு ஐந்து வருடப் படிப்பு வேண்டும் என்பதால், அந்தக் கதவு இவர்களுக்கு மூடியிருக்கிறது. ஆகவே அமெரிக்காவில் ஃபார்ம்டியில் முதலிலிருந்து சேர விண்ணப்பிக்கிறார்கள்.

முதல் தப்பு, பத்துக்கு 7.4 என்ற சிஜிபிஏவை 10-ஆல் வகுத்து 4-ஆல் பெருக்கி 2.96 என்று எடுத்துக்கொண்டு தூக்கம் கெடுவது. விழுக்காட்டை 25-ஆல் வகுப்பதும் இதே ரகம். மாற்றம் அப்படி நடப்பதில்லை. நம் ஊரில் 60 விழுக்காடு முதல் வகுப்பு என்பது மதிப்பீடு செய்பவர்களுக்குத் தெரியும்.

இரண்டாம் தப்பு கண்ணுக்குத் தெரியாதது. இந்திய மருந்தியல் மன்றத்தின் பி.ஃபார்ம் விதிப்படி ஓ என்பது 90-க்கு மேல், ஏ 80-க்கு மேல், பி 70-க்கு மேல், சி 60 முதல் 70-க்குள், டி 50 முதல் 60-க்குள். அதாவது அங்கே சி வாங்கியவர் முதல் வகுப்பு மாணவர், பத்துக்கு ஏழு. அதே எழுத்தைப் பார்த்து "சி-க்கு 2.0" என்று நீங்களே எக்செல்லில் போட்டால் மொத்தமும் பாழ். எழுத்து ஒன்றுதான், சரக்கு வேறு. கோயம்புத்தூரிலிருந்து பேசிய ஒருவர் இப்படிப் போட்டு 2.3 என்று முடிவுகட்டி, விண்ணப்பிப்பதையே விட்டுவிடப் பார்த்தார்.

சோதனைகள் விலைவாரியாக: டபிள்யூஇஎஸ் என்ற மதிப்பீட்டு நிறுவனத்தின் இணையதளத்தில் இலவச ஜிபிஏ கணிப்பான் இருக்கிறது. தோராயமாகத்தான் காட்டும், மனதைத் தேற்றிக்கொள்ள அது போதும். அப்புறம் கட்டணம் கட்டி வாங்கும் அறிக்கை. அதில் இரண்டு வகை உண்டு. மலிவானது பட்டத்துக்கு எது சமம் என்று மட்டும் சொல்லும், ஜிபிஏ இருக்காது. பாடவாரியான அறிக்கையைத்தான் கேட்க வேண்டும். விலை குறைவு என்று முதலாவதை வாங்கிவிட்டுத் திரும்பவும் பணம் கட்டியவர்கள் மூன்று பேரை எனக்குத் தெரியும். எந்த நிறுவனத்தின் அறிக்கை செல்லும், வந்த எண்ணை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பதைப் பணம் கட்டும் முன்பே ஒவ்வொரு கல்லூரியிடமும் கேட்டுவிடுங்கள்.

டிரான்ஸ்கிரிப்டுகள் உங்கள் கையால் போனால் செல்லாது, பட்டம் தந்த இடத்திலிருந்து நேராக மதிப்பீட்டு நிறுவனத்துக்குப் போக வேண்டும். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் படித்த பெரும்பாலோருக்கு அது கிண்டியில் இருக்கும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். நீங்கள் ஏற்கெனவே வெளிநாட்டில் இருந்தால், சென்னையில் ஒரு தம்பியோ சித்தப்பாவோ இருந்தால் வேலை எளிது. ஃபார்ம்காஸ் புதிய சுற்று அமெரிக்கக் கோடையில் திறக்கும். கிண்டி வேலையைப் பொங்கல் முடிந்த கையோடு தொடங்கிவிடுங்கள்.